ரிங் போகிறது, எடுக்கவில்லை

நான்காவது ரிங் வரை மௌரீன் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். பென்சிலின் முனை தாளுக்கு ஒரு நூல் மேலே நிற்கும். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தால் ஆள் சௌக்கியம். ஐந்தாவதில் எடுத்தால் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். எட்டாவதில் என்றால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் போனுக்குச் சொந்தக்காரர் அல்லாத வேறொரு குரல் எடுத்தால், அந்த ‘ஹலோ’வின் பாதியிலேயே மௌரீன் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். கணவனின் போனை மனைவி எடுத்தாலும் சரி, மாமியாரின் போனை மருமகள் எடுத்தாலும் சரி, அதற்குப் பிறகு எழுதுவதற்கு அவசரம் ஒன்றும் இருக்காது என்பது அவருடைய ஆறு வருடத் தொழில் ஞானம்.

“ஹலோ, வணக்கம், நமஸ்காரா. ஹாஸ்பிட்டல்லேர்ந்து பேசறோம். பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. நல்லா இருக்கீங்களா?”

ஊரில் எல்லோரும் பதிலுக்குக் காத்திராமல் கேட்டுவிட்டு நடையைக் கட்டும் கேள்வி அது. பதிலை வாங்குவதற்காகவே சம்பளம் பெற்றுக்கொண்டு அதைக் கேட்கும் ஒரே பெண்மணி பெங்களூரில் மௌரீனாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் வேலை பார்ப்பது நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில். பெயரைச் சொன்னால் ஆளாளுக்கு அங்கே பார்க்கிங் கிடைக்காத கதையை ஆரம்பித்துவிடுவார்கள், ஆகவே வேண்டாம். லிஃப்ட் இறங்க மறுக்கும் தளத்துக்கும் ஒரு தளம் கீழே ரெக்கார்டு பிரிவு. இரும்பு ராக்குகளில் கோப்புகள் எண் வரிசையில் நிற்கின்றன. இருப்பவரும் போனவரும் அங்கே தோளில் தோள் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். தடிமனாக இருப்பது உயிரோடு இருப்பவரின் கோப்பு என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். நேர்மாறு. நன்றாக இருப்பவரின் கோப்பு பத்துத் தாளோடு நின்றுவிடும். சாகப்போகிறவருடையதுதான் கடைசி வருடத்தில் ஊதிப் பெருத்துவிடும்.

இந்த ராக்குகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு பழைய தொலைபேசி, ஒரு நாற்காலி, அதன் முதுகில் தொங்கும் ஒரு கைப்பை. நாற்காலியில் மௌரீன். ஐம்பத்தொரு வயது. ஏப்ரல் வெயிலிலும் பழுப்பு ஸ்வெட்டர். “பெங்களூர்ல வெயிலுன்னு சொல்றவங்க எல்லாம் சும்மா பில்டப் கொடுக்கறாங்க,” என்பார், எதிரில் இருப்பவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே. காலையில் ஒரு மாத்திரை, மத்தியானம் இரண்டு மணிக்குப் பாதி மாத்திரை. எதற்கு என்று கேட்டால் “தைராய்டு”. பெங்களூரில் பாதிப் பெண்களுக்குத் தைராய்டு, ஆகவே மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. அவர் அந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

அவருடைய பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் தலைக்குள் கட்டி வந்து, இதே மருத்துவமனையில் ‘கரண்ட் வைத்துக்கொண்டவர்கள்’. கதிர்வீச்சுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. கட்டியும் புற்றுநோய்க் கட்டி அல்ல. பரவாது, படையெடுக்காது, இருந்த இடத்தில் இருந்துகொண்டு பக்கத்து நரம்பை மட்டும் மெல்ல அழுத்தும். டாக்டர்கள் ‘பினைன்’ என்றார்கள். நோயாளிகள் அதை ‘நல்ல கட்டி’ ஆக்கிக்கொண்டார்கள். பாம்புகளில் பொல்லாததாகப் பார்த்து ‘நல்ல’ பாம்பு என்று பெயர் வைத்தவர்கள் நாம், கட்டி எம்மாத்திரம்?

கரண்ட் வைத்ததும் நல்ல கட்டி அடங்கியது. ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். கல்யாணம் கட்டினார்கள், சைட்டு வாங்கி வீடு கட்டினார்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் சேர்த்தார்கள். இதற்கிடையில், அந்தக் கரண்ட் உள்ளே போன வழியில், எந்தக் குற்றமும் செய்யாத நல்ல சதையில், ஒருசிலருக்கு மட்டும் இன்னொன்று முளைக்கலாம் என்று தெரியவந்தது. பத்து வருடத்தில் வரலாம், இருபதில் வரலாம், முப்பதிலும் வரலாம். நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ. மற்றவர்கள் எல்லோரையும் போல வேறு எதனாலாவது சாவார்கள். அன்றைக்குக் கரண்ட் வைக்காமல் விட்டிருந்தால் கண் போயிருக்கும், ஆகவே யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. இந்த நோய்க்கு ஒரே ஒரு தகுதி வேண்டும்: முதல் நோயிலிருந்து பிழைத்திருக்க வேண்டும். நன்றாகப் பிழைத்தவரின் விலாசத்தைத் தேடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், நடந்தே வருகிற நோய்.

அது எத்தனை பேர் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது என்று கணக்கெடுக்க ஓர் ஆராய்ச்சி. அதற்கு வருடத்துக்கொரு முறை போன் செய்து கேட்க ஓர் ஆள். அந்த ஆள் மௌரீன்.

கம்மனஹள்ளியில் ஒரு நம்பர். நல்ல பக்திப் பாட்டு காலர் ட்யூன். எடுத்தது இளங்குரல். பென்சில் கீழே இறங்கியது.

“அப்பா போன்தான் மேடம். அப்பா போயி ரெண்டு வருஷமாச்சு. இந்த நம்பருக்கு பேங்க் ஓடிபி வருது, அதான் ரீசார்ஜ் பண்ணிக்கினே இருக்கோம்.”

“எதனாலப்பா... எப்டி போனாங்க?”

“ஹார்ட்டு மேடம். பஸ்ல போகச்சொல்லவே.”

மௌரீன் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். இன்னொரு வீட்டு மாரடைப்பைக் கேட்டு நிம்மதி அடைவது எந்தக் கட்டளைப்படி பாவம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. செத்துப்போன மனிதருக்கு வங்கி இன்னும் ரகசிய எண் அனுப்பிக்கொண்டிருக்கிறது; அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. அவரும் சொல்லவில்லை.

அத்திபெலேயில் டயர் கடை வைத்திருக்கும் நாராயணசாமி வேறு ரகம்.

“நான் செத்துட்டேன்னு எழுதிக்கோம்மா. வருஷா வருஷம் போன் பண்ணி நான் இருக்கேனா இல்லையான்னு கேட்டா எனக்கே டவுட்டு வருதில்ல?”

“டெத் சர்ட்டிஃபிகேட் காப்பி வேணும் சார்.”

“செத்தவன் எப்டிம்மா அனுப்புவான்?”

“அது தெரியாது சார். ரூல். வாட்ஸப்லயும் அனுப்பலாம்.”

டயர்களுக்கு நடுவிலிருந்து சிரிப்பு வரும். இந்த மனிதரையே மூன்று வருடம் நயந்து நயந்து பேசி ஸ்கேனுக்கு வரவைத்தவர் மௌரீன். “சார், இருந்தா பார்த்துக்கலாம். சின்னதா இருக்கச்சொல்லவே புடிச்சா ஈஸி. தெரியாம இருக்கறதுதான் சார் டேஞ்சர். தெரிஞ்ச திருடன் பரவால்ல.” வந்தார், படுத்தார், எழுந்து போனார். தலைக்குள் ஒன்றும் இல்லை. “ஒண்ணுமே இல்லையாம்மா. என் சம்சாரம் இதைத்தான் முப்பது வருஷமா சொல்லிக்கினு இருக்கா,” என்று அவரே போன் போட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு வைத்திருக்கலாம்.

“ஏம்மா, நானும் பார்க்கறேன், ஊருல இருக்கறவங்களை எல்லாம் நல்லா இருக்கியா நல்லா இருக்கியான்னு கேக்கற. உன்னை யாரு கேக்கறா?”

“லைன் கிளியரா இல்ல சார்,” என்று மௌரீன் போனை வைத்துவிட்டார். லைன் அன்று கண்ணாடி மாதிரி இருந்தது.

பட்டியலில் நூற்றுப் பதினேழாம் எண்ணில் இருக்கும் பெயர்: மேரி மௌரீன் ஃபிரான்சிஸ், பெண், வயது இருபத்தேழு, நீலசந்திரா. மூளையின் அடியில் பட்டாணி அளவு சுரப்பி, அதில் கோலிக்குண்டு அளவு கட்டி. 2001இல் ஆபரேஷன், மிச்சத்துக்கு இருபத்தைந்து நாள் கரண்ட், பிறகு ஆயுளுக்கும் மாத்திரை. அந்த இருபத்தைந்து நாளும் தன் முறைக்காகக் காத்திருக்கும்போது சும்மா உட்காரக் கை வராமல், பெஞ்சுக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்த கிளார்க்குக்குக் கார்டுகளை வரிசைப்படுத்திக் கொடுத்தாள் அந்தப் பெண். இரண்டு வருடம் கழித்து அங்கேயே வேலை கிடைத்தது. பிறகு கிளெமென்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு, பெயரிலிருந்த ஃபிரான்சிஸை உதறி, தொம்மலூருக்குக் குடிபோனாள். விவரம் தெரிந்த பழைய கிளார்க்குகள் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது மருத்துவமனையில் யாருக்கும் மௌரீன் கிளெமென்ட்டையும் நூற்றுப் பதினேழையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது.

ஆராய்ச்சிக்குப் பட்டியல் தயாரித்தபோது அந்தப் பெயர் மௌரீனின் கையிலேயே வந்து விழுந்தது. மேலே சொல்லியிருக்கலாம், அல்லது சத்தமில்லாமல் அடித்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. ரெக்கார்டு பிரிவில் அத்தனை வருடம் குப்பை கொட்டியவருக்கு ரெக்கார்டை அடிக்கக் கை வராது. அதுமட்டுமல்ல, நடுவில் இரண்டு முறை சிம் மாற்றியபோது, நூற்றுப் பதினேழின் புது நம்பரைப் பட்டியலில் தானே அழகான கையெழுத்தில் திருத்தினார். தகவல் சரியாக இருக்க வேண்டுமல்லவா?

வருடத்துக்கொரு முறை அந்த எண்ணின் முறை வரும். மற்ற முந்நூற்றுப் பதினோரு பேருக்கும் செய்வதைப் போலவே மூன்று வெவ்வேறு நாளில், மூன்று வெவ்வேறு வேளையில், மௌரீன் அதற்கும் டயல் செய்வார். நாற்காலியின் முதுகில் கைப்பை உறுமத் தொடங்கும். ஸ்வெட்டரைத் தாண்டி அந்த அதிர்வு முதுகுத்தண்டில் ஏறும். மௌரீன் எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பைக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு எடுக்கமாட்டேன் என்று அடம்பிடிப்பது போலவும், அது தனக்குச் சம்பந்தமில்லாத மனுஷி போலவும், அவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பார். ரிங் அடங்கும். பென்சில் இறங்கும்: ‘ரிங் போகிறது, எடுக்கவில்லை.’ அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மூன்று முறை அப்படி ஆனால் கடைசிக் கட்டத்தில் ‘எல்’ என்று ஒரு எழுத்து. தொலைந்துபோனவர் என்று அர்த்தம்.

ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லிப் பார்த்தார்.

“போன் வருது ஃபாதர். நான் எடுக்கறதில்ல.”

“யாரும்மா பண்றது?”

“நான்தான் ஃபாதர்.”

பாதிரியார் திரைக்கு இன்னும் அருகே காதைக் கொண்டுவந்தார்.

“ஏம்மா எடுக்கறதில்ல?”

“டியூட்டி டைம்ல பர்சனல் போன் எடுக்கக்கூடாது ஃபாதர்.”

மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார் பாதிரியார். எந்தப் பாவத்துக்கு என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இப்படியே இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். பிப்ரவரியில் காபிக்கொட்டை கருகத் தொடங்கியது.

வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை. முதலில் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று லிஃப்ட் போல நெஞ்சுக்கு ஏறும். உடனே வாசனை. வறுபட்டு, வறுபட்டு, எடுக்க மறந்து கரியாகிப்போன காபிக்கொட்டை. அந்த நேரத்தில் எதிரில் இருப்பதெல்லாம், ராக்கு, மின்விசிறி, யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவர் வாயிலிருந்து வரப்போகும் அடுத்த வார்த்தை உட்பட, ஏற்கனவே ஒரு முறை நடந்து முடிந்தது போலத் தோன்றும். முழுசாக ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு மின்விசிறி மின்விசிறியாகிவிடும்.

பின்தெருவில் எவனோ காபி வறுக்கிறான் என்று மௌரீன் முடிவு செய்தார். ஒரு நாள் உணவு இடைவேளையில் இரண்டு தெருவையும் சுற்றிப் பார்த்தார். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், மூன்று மருந்துக்கடை, ஒரு பிரியாணிக் கடை, செல்போன் உறை விற்பவர் ஒருவர். காபிக் கடை இல்லை. சரி, காற்று எங்கேயிருந்தோ கொண்டுவருகிறது என்று திரும்பினார். அதே காற்று தொம்மலூர் வரைக்கும் வந்தபோது, காற்றின் சுறுசுறுப்பைத்தான் வியந்தார்.

அவர் கேட்க வேண்டிய கேள்விகள் பன்னிரண்டு. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், வலிப்பு என்று போகும். ஒன்பதாவது: ‘இல்லாத வாசனை ஏதாவது வருகிறதா?’ முன்பெல்லாம் மௌரீனுக்கு மிகப் பிடித்த கேள்வி அதுதான். “இல்லாத வாசனைன்னா இன்னா மேடம்? எங்க தெருவுல எல்லா வாசனையும் இருக்குதே,” என்று நீலசந்திராவில் ஒரு அம்மாள் சொன்னதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு ஒன்பதாவதை எட்டோடும் பத்தோடும் சேர்த்து ஒரே மூச்சில் கேட்கிறார், தண்டவாளத்தைக் கடப்பவர் போல.

டாக்டர் ஷில்பா இரண்டு வருடமாகத்தான் இந்த ஆராய்ச்சிக்குப் பொறுப்பு. மைசூர்க்காரர், சின்ன வயது. தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். ஏப்ரல் முதல் வாரத்தில் பட்டியலை எடுத்துக்கொண்டு அவரே படியிறங்கி வந்தார்.

“மௌரீன் அவரே, எல் போட்டவங்க முப்பத்தொரு பேர் இருக்காங்க. இவங்கள விட்டுட்டு, போன் எடுத்தவங்கள மட்டும் எண்ணி, ரிஸ்க் கம்மின்னு நான் எழுதினா அது பொய்தானே?”

“ரூல்படி மூணு வாட்டி பண்ணியாச்சு மேடம்.”

“ரூல் சரி. ஆனா யோசிங்க. நல்லா இருக்கறவன் எடுத்து நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிடுவான். எடுக்காதவங்களுக்கு எடுக்காததுக்கு ஒரு காரணம் இருக்கும்ல? நமக்கு வேண்டியதே அவங்கதான்.”

மௌரீன் தலையாட்டினார். அடுத்த மூன்று வாரம் அவர் பேய் பிடித்தவர் போல வேலை பார்த்தார். பழைய கோப்புகளிலிருந்து மாமா நம்பர், மச்சான் நம்பர், எதிர்வீட்டு மளிகைக் கடை நம்பர் என்று தோண்டி எடுத்தார். தொலைந்துபோனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒருவர் துபாயில் இருந்தார். ஒருவர் ஐந்து வருடமாக எதிர்த்தெருவிலேயே இருந்தார். இரண்டு பேருக்கு உடனே ஸ்கேன் பார்க்கும்படி ஆனது. அதில் ஒருவருக்கு அரிசி அளவில் ஏதோ தெரிந்து, நேரத்தோடு பிடித்தாயிற்று என்று டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். மாதக் கடைசியில் மிச்சம் ஒரே ஒரு ‘எல்’.

“யாரு இந்த நூத்திப் பதினேழு?” என்று ஷில்பா போனில் கேட்டார். “நெஜமாவே ஆள் இருக்காங்களா?”

“இருக்காங்க மேடம்,” என்றார் மௌரீன். கொஞ்சம் யோசித்து, “இருக்கணும்,” என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்கால். கடைசி முயற்சி. மௌரீன் டயல் செய்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, காலண்டரைப் பார்த்துக் காத்திருந்தார்.

காதில் ரிங் போனது. முதுகில் ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது ரிங். கைப்பை செத்த பூனை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மௌரீன் ஒரு கையால் அதைத் தடவிப் பார்த்தார். மூன்றாவது ரிங். காதுக்குள் தெளிவாக, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியென்றால் எங்கே அடிக்கிறது? பையைத் திறந்தார். டிபன் பாக்ஸ், ஜெபமாலை, மாத்திரை டப்பா. காலையில் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் போட்ட போனை எடுத்து வந்தோமா என்று அவர் யோசிக்கத் தொடங்கியபோது, நான்காவது ரிங்கின் நடுவில், யாரோ எடுத்தார்கள்.

“ஹலோ?”

ஆண் குரல். பென்சில் தானாகவே கீழே இறங்கியது.

வைத்திருக்கலாம். ஆனால் ஆறு வருடமாகப் பழகிய வாய் மூளையிடம் அனுமதி கேட்கவில்லை. “ஹலோ, வணக்கம், நமஸ்காரா. ஹாஸ்பிட்டல்லேர்ந்து பேசறோம். மேரி மௌரீன் ஃபிரான்சிஸ் இருக்காங்களா?” என்றது, கணீரென்ற ஆபீஸ் குரலில்.

மறுபக்கம் ஒரு கணம் டிவி மட்டும் கேட்டது. பிறகு டிவியும் நின்றது.

“இல்ல மேடம்,” என்றார் கிளெமென்ட். “போன மறந்துட்டு டியூட்டிக்குப் போய்ட்டாங்கோ. நான் அவங்க ஹஸ்பெண்டு. அவங்க உங்க ஹாஸ்பிட்டல்லயேதான வேலை பாக்கறாங்கோ? கூப்ட்டு நேர்லயே கேக்கலாமே?”

“அது வேற டிபார்ட்மென்ட் சார்.”

மருத்துவமனைக்காரியோடு இருபது வருடம் குடித்தனம் செய்தவருக்கு அது போதுமான காரணமாகவே பட்டது போலும். “ஓ,” என்றார். “சரி, கேளுங்கோ மேடம். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.”

மௌரீன் கேட்டார். தலைவலி? “சொல்லமாட்டா மேடம். ஆனா கண்ண மூடிக்கினு உக்காந்துருப்பா.” வாந்தி? இல்லை. பார்வை? “சீரியல் நல்லாத்தான் தெரியுது.” பேச்சு? “அதுக்கு ஒரு குறையும் இல்ல.” வலிப்பு? இல்லை. ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதில் மௌரீன் நின்றார். பத்துக்குத் தாவிவிடப் பார்த்தார்.

“ஒன்பதாவது கேள்வி இன்னா மேடம்?” என்றார் கிளெமென்ட்.

“எப்டி... ஒன்பதுன்னு எப்டி தெரியும் சார்?”

“எட்டு வந்துச்சி. எண்ணிக்கினுதான் இருக்கேன்.”

மௌரீன் தாளைப் பார்த்துப் படித்தார். “இல்லாத வாசனை ஏதாவது வருதான்னு... சொல்லியிருக்காங்களா சார்?”

“வருது மேடம்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “சாயங்காலம் டிவி பாத்துக்கினே இருப்பா, டபால்னு எழுந்து போயி காஸ ஆஃப் பண்ணுவா. காஸே பத்தவெச்சிருக்கமாட்டோம். காபி கருகுது, கருகுதுன்னுவா. எங்க வீட்ல காபியே கெடையாது மேடம், டீதான். நானும் போயி, ஆமாமா, ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துப்பேன். கேட்டா கோச்சுக்குவா. பயத்துல கோச்சுக்குவா. பாவம்.”

ராக்குகளுக்கு நடுவே எங்கோ ஒரு கோப்பு வழுக்கிச் சாய்ந்தது.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்.”

“நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லவேணாம். ஆனா வரச்சொல்லி பாருங்கோ. ஊருக்கெல்லாம் சொல்றா, நான் சொன்னா கேக்கமாட்டா. நீங்க சொன்னா கேப்பா.”

“சொல்றேன் சார்.”

“எனக்கு வேற யாரும் இல்ல மேடம்.” கடிகாரத்தைப் பார்த்திருப்பார் போலும். “சரி. மணி ரெண்டாவப்போவுது. மாத்திரைய போட்டுக்கோங்கோ.”

வைத்துவிட்டார்.

நோயாளியின் கணவர், கேள்வி கேட்கும் கிளார்க்குக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துவது அந்தப் பட்டியலின் ஆறு வருடச் சரித்திரத்தில் அதுவே முதல் முறை. மௌரீன் ரிசீவரை வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தார். அதில் இப்போது ஒரு ‘கீ’ சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு டப்பாவைத் திறந்து பாதி மாத்திரையை விழுங்கினார். படிவத்தை எடுத்தார். ‘பதிலளித்தவர்’ என்ற இடத்தில் ‘கணவர்’ என்று எழுதினார். ஒன்பதுக்கு எதிரே ‘ஆம்’. ஒன்பதுக்கு ஆம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ரூல்.

மூன்று மாடி ஏறினார். ஷில்பாவின் அறையில் கடைசி நோயாளி அப்போதுதான் வெளியேறியிருந்தார். மௌரீன் உள்ளே போய், கதவைப் பின்னால் சாத்தி, படிவத்தை மேஜைமேல் வைத்தார்.

“நூத்திப் பதினேழு எடுத்துட்டாங்க மேடம்.”

“ஹௌதா?” ஷில்பாவின் முகம் மலர்ந்தது. “எங்க இருந்தாங்களாம் இத்தனை வருஷம்?”

“இங்கதான்.”

ஷில்பா படித்துக்கொண்டே வந்தார். ஒன்பதில் விரல் நின்றது. மலர்ச்சி மெல்ல ஒதுங்கி, அந்த இடத்துக்கு டாக்டர் வந்தார்.

“இந்த ஸ்மெல் எப்போலேர்ந்து?”

“பிப்ரவரி.”

“ஃபார்ம்ல அது இல்லையே.”

ஷில்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏற்கனவே ஸ்கேன் பிரிவுக்கு டயல் செய்துகொண்டிருந்தார். “இது எதுவா வேணா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா வெயிட் பண்ணக்கூடாது. இன்னிக்கே ஸ்லாட் கேக்கறேன். அந்தம்மாவ எப்படியாவது வரச்சொல்லுங்க. எவ்ளோ சீக்கிரம் வர முடியும்?”

“வந்திருக்காங்க மேடம்.”

ஷில்பா ரிசீவரைக் காதில் வைத்தபடியே, மௌரீனைத் தாண்டி, மூடியிருந்த கதவைப் பார்த்தார். ஆள் உள்ளே வருவதற்காகக் காத்திருந்தார். கதவு திறக்கவில்லை. மௌரீன் நோயாளிகளின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, ஸ்வெட்டரின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு, உட்கார்ந்தார்.